இரண்டரை நிமிடச் சலுகை

கிண்ணியாவில் அந்தக் குடும்பத்துக் கலியாணங்களில் சஹன் என்கிற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால், முதல் கவளம் உள்ளே இறங்குவதற்குள் யாராவது ஒருவர் றுவைஸின் பெருமையை எடுத்துவிடுவார்.

"புருசன் எண்டா றுவைஸ் மச்சானப் போல இருக்கோணும். ஸல்ஹா வயிறு எரியுதெண்டு சொன்ன அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கமெரா விட்டுப் பாத்த ஆள். மத்தச் சனம் மூண்டு மாசம் காத்துக் கிடக்கிற இடத்தில இவர் மூண்டு மணித்தியாலத்தில வேலைய முடிச்சார்."

ஸல்ஹா அதன் பிறகு பதினாறு மாதத்தில் வயிற்றுப் புற்றுநோயில் மௌத்தாகிப் போனதை இந்தக் கதையில் யாரும் சேர்ப்பதில்லை. அது ஆண்டவன் போட்டது. புருசன் காட்டிய அன்பு அதனால் குறைந்துவிடாது என்பது அவர்கள் நியாயம். றுவைஸ் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னோர் இறைச்சித் துண்டை அவர் பக்கமாகத் தள்ளிவைப்பார்கள். பத்து வருடமாக அந்த இறைச்சி அவருக்கு லேசில் தொண்டையால் இறங்கியதில்லை.

அவர் இருக்கும் வீடும் ஸல்ஹாவுடையதுதான். அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். ஒரே வளவில் அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு, நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு சின்னப் படலை. பிள்ளை இல்லாமல் ஸல்ஹா போனதும், இனித் தனக்கு இங்கே என்ன உரிமை என்று றுவைஸ் உடுப்புகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு புல்மோட்டையில் இருக்கும் கூடப்பிறந்த காக்காவின் வீட்டுக்குப் புறப்பட்டார். ஸல்ஹாவின் தங்கை சுஹைராதான் படலையில் நின்று மறித்தாள்.

"ராத்தாட வீட்டப் பூட்டிப் போட்டுப் போகப் போறீங்களா மச்சான்? பேசாம உள்ளுக்குப் போங்க. சோறு நான் அனுப்புறன்."

அன்றிலிருந்து மத்தியானச் சோறும் இரவுக்கு இடியப்பமோ ரொட்டியோ அந்தப் படலை வழியாக வந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி. சுஹைராவின் கைப்பக்குவம் ஸல்ஹாவின் கைப்பக்குவம்தான். ஒரே தாயிடம் பழகியவர்கள். சில நாட்களில் புளியாணத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, குசினிக்குள் ஸல்ஹா நிற்கிறாள் என்று தன்னை அறியாமல் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

அந்தச் சுஹைராதான் பங்குனி மாதத்தில் ஒரு காலை படலையில் வந்து நின்றாள்.

"மச்சான், நோன்பு முடிஞ்சதிலயிருந்து வயிறு ஒரே எரிச்சல். கேஸ் குளிசை போட்டுப் போட்டு அலுத்திட்டன். உங்கட ஆஸ்பத்திரியில எனக்கு இருபத்தி நாலாந் தேதி தந்திருக்கிறாங்க. அதுக்கு முதல், ஏழாந் தேதி, நாங்க மக்காவுக்கு உம்றா போறம். போறதுக்கு முதல் பாத்திட்டா மனசுக்கு நிம்மதி. ராத்தாவக் கூட்டிப் போனீங்கதானே? அது மாதிரி என்னையும் ஒருக்கா நுழைச்சு விடுங்களன்."

அவள் சர்வசாதாரணமாகத்தான் கேட்டாள். றுவைஸ் "பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்த இரண்டு மாடிக் கட்டடத்தை எல்லோரும் ஹாஜியார் ஆஸ்பத்திரி என்பார்கள். இறால் ஏற்றுமதியில் சம்பாதித்த ஸஹாப்தீன் ஹாஜியார் ஏழைகளுக்கென்று கட்டி விட்டது. மேல்மாடியில், வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் கமெரா அறை. இருபத்தாறு வருடமாக அந்த அறையின் சிற்றூழியர் றுவைஸ். குழாயைக் கழுவுவது, நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்வது, "மூக்கால மூச்செடுங்க, எச்சில விழுங்காதீங்க" என்று காதோரம் சொல்லிக்கொண்டிருப்பது எல்லாம் அவர் வேலை. குழாய் வாய்க்குள் போகும்போது அவர் கையைப் பிடிக்காத ஆள் ஈச்சிலம்பற்றிலிருந்து புல்மோட்டை வரைக்கும் குறைவு.

அந்தப் பழைய காலத்தை நினைத்தால் றுவைஸுக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துதான் போகும். அதைச் சொல்லாமல் விட்டால் அது பொய். செவ்வாயும் வியாழனும் விடியற்காலை பஸ்ஸில் சனம் வந்து இறங்கிவிடும். வாங்கில் இடம் இல்லாமல் படிக்கட்டில் இருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே கப்பல் ஊதும். கடல்காற்றில் திரைச்சீலை டொக்டரின் தலையில் வந்து விழும். பழைய டொக்டர் தங்கமான மனிதர். கோபமே வராது. கை அப்படி ஒரு வேகம். ஒரு காலையில் இருபத்திரண்டு பேர்! ஓர் ஆளுக்குக் குழாய் உள்ளே இருப்பது மூன்று நிமிடம். "இண்டைக்கு எத்தனை றுவைஸ்?" என்று கேட்பார். "இருபத்திரண்டு சேர்" என்று சொல்லும்போது, கிரிக்கெட்டில் ஓட்டம் எடுத்தவர் மாதிரி இருவருக்கும் ஒரு பெருமிதம் வரும்.

இருபத்திரண்டும் முடிந்த பிறகு வால் வரும். வால் என்றால், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர்கள். நம்பர் துண்டு எழுதும் றஊபின் மாமியார், மருந்தறைக்காரரின் தம்பி, ஹாஜியாரின் சாரதி. அவர்களுக்கு நம்பரும் இல்லை, பதிவும் இல்லை. கடைசி ஆள் எழும்பிப் போனதும் பின்கதவால் வந்து படுப்பார்கள். சம்பளம் சொற்பம், சொந்தக்காரனை வாலில் கட்டும் இந்த உரிமைதான் அங்கே வேலை செய்தவர்களின் ஒரே சொத்து. பெருநாளைக்கு வால் குடும்பங்களிலிருந்து வட்டிலப்பம் வரும். டொக்டருக்கும் ஒரு பங்கு.

இரண்டு வருடத்துக்கு முன் டொக்டர் அனுஷியா வந்தார். நாற்பது வயது, மூக்குக்கண்ணாடி, மெதுவான பேச்சு. வந்த முதல் மாதமே பழைய பதிவேடுகளை எல்லாம் தூசி தட்டிக் கொண்டுவரச் சொன்னார். மாவட்டத்தில் வயிற்றுப் புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்களின் பெயர்களை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, அவர்களில் யார் யார் அதற்கு முந்திய மூன்று வருடத்துக்குள் இந்த அறையில் படுத்து, "ஒன்றும் இல்லை" என்று எழுதப்பட்டு வீட்டுக்குப் போனவர்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடினார். பதினொரு பெயர்கள் வந்தன.

"யாரையும் குற்றம் சொல்ல இதைத் தேடேல்ல. நாங்கள் எங்க தவறவிடுறம் எண்டு தெரியாட்டித் திருத்த ஏலாது" என்றார்.

பெயர்களை வாசித்துக் காட்டியது றுவைஸ்தான். ஏழாவது பெயருக்கு வரும்போது அவருக்கு ஒன்று கண்ணில் பட்டது. வாசித்து முடித்துப் பார்த்தால், பதினொன்றில் ஒன்பது பேர் காலை பதினொரு மணிக்குப் பிறகு படுத்தவர்கள். கை களைத்து, எல்லோருக்கும் பசித்து, டொக்டரை ஏற்றிப் போக வந்த சாரதி கீழே ஹோர்ன் அடிக்கும் நேரம். ஸல்ஹாவின் பெயர் அந்தப் பதினொன்றில் இல்லை. அவள் பதிவேட்டிலேயே இல்லை. கடைசிக்கும் கடைசியாகப் படுத்தவள் அவள்.

அன்று அவர் குழாய் கழுவும் அறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதுவரைக்கும் அவரும் எல்லோரையும் போல் ஆண்டவன் போட்டது என்று சொல்லித்தான் தன்னைத் தேற்றி வந்தார்.

அதன் பிறகு அறையின் நடைமுறை தலைகீழாக மாறிற்று. ஒரு காலைக்கு எட்டுப் பேர்தான். நோயை மறைத்துவிடும் என்பதால் வருகிறவர்கள் கேஸ் குளிசையை இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். குழாய் விடுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முதல் பால் நிறத்தில் ஒரு கோப்பை மருந்து. வயிற்றுக்குள் இருக்கும் நுரையையும் சளியையும் அது கரைத்துவிடும். "வயிறு சுருக்குப் பை மாதிரி. காத்து ஊதி விரிச்சு, கழுவிப் பாக்காட்டி மடிப்புக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியாது" என்பார் டொக்டர். குழாய் வயிற்றுக்குள் போனதும் மேசையில் ஒரு மணிக்கூடு ஓடத் தொடங்கும். ஏழு நிமிடத்துக்கு முதல் வெளியே எடுக்கக் கூடாது. இருபத்திரண்டு இடத்தில் நின்று படம் எடுக்க வேண்டும். அதை எண்ணுவது டொக்டர் இல்லை, வேறோர் ஆள். அந்த ஆள் றுவைஸ். ஒன்று விடுபட்டாலும் "பதினாலு இல்லை மிஸ்" என்று அவர் சொல்ல வேண்டும்; சொன்னால் டொக்டர் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போய் எடுப்பார். குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால் கூடப்பிறந்தவர்களை அவர்கள் கேளாமலே கூப்பிட்டுப் பார்ப்பதும் அவர் கொண்டுவந்ததுதான். சுஹைராவுக்கு இருபத்திநாலாம் தேதி கிடைத்தது அப்படித்தான்.

முடிவாக ஒன்று சொன்னார்: "வால் இனி இல்லை."

றஊபுக்கு அது தாங்க முடியவில்லை. இருபது வருடச் சொத்தைப் பறித்துவிட்டார்கள் என்று புறுபுறுத்துக்கொண்டே திரிந்தான். அதனால் சுஹைரா றுவைஸின் "பாப்பம்" போதாமல் நேரே றஊபுக்கே தொலைபேசி எடுத்தபோது அவனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. வியாழக்கிழமை அனுஷியா மிஸ் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போகிறார். அன்றைக்குப் பதிலுக்கு வருகிறவர் வெளியாள். பன்னிரண்டு மணிக்கு வந்தால் அலுவலை முடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டான்.

"உங்கட மச்சினிக்கு நாங்க செய்யாம ஆர் செய்யிற காக்கா?" என்று புதன்கிழமை றுவைஸின் தோளில் தட்டினான். "நீங்க ஒண்டும் பேச வேணாம். கண்ண மூடிக்கொண்டு நில்லுங்க, போதும்."

றுவைஸ் அன்று கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வரும்வரை மனதுக்குள் எல்லா வழியையும் தேடிப் பார்த்தார். தேதி மாற்ற முடியாது என்று சொல்லலாம். றஊப் முடியும் என்கிறான். மெஷின் பழுதென்று சொல்லலாம். நாளைக்கே பொய் வெளுத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாம். வயிறு எரிவு வெறும் எரிவாகவே இருக்கலாம். ஆனால் வெறும் எரிவாக இல்லாவிட்டால், "ஒன்றும் இல்லை" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு அவள் திரும்ப ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டாள். அவளுடைய ராத்தா வராமல் இருந்த மாதிரி. அவளை மறிக்க ஒரே ஒரு சாமான்தான் அவர் கையில் இருந்தது. அதை எடுத்தால் பத்து வருடப் பெருமையும், படலை வழியாக வரும் சோறும், இந்த வீடும் போய்விடக்கூடும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு படலையைத் திறந்துகொண்டு போனார். சுஹைரா குசினியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புருசன் ஜவாஹிர் கடையில்.

"நாளைக்கு நீங்க வர வேணாம் மச்சி, கேஸ் குளிசைய இண்டையோட நிப்பாட்டிப் போட்டு இருபத்தி நாலாந் தேதிக்கே வாங்க" என்றார்.

"ஏன்? றஊப் சரியெண்டு சொன்னாரே."

"உங்களுக்கு ஒரு கதை சொல்லோணும். ராத்தாட கதை. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒண்டும் கேக்க வேணாம்."

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அண்டைக்குக் காலையில ஒன்பதரைக்குத்தான் நான் முடிவெடுத்தன். லிஸ்ட் கெதியா முடியும் போல இருந்திச்சு. போன் பண்ணி உடன வாங்க எண்டன். ராத்தா சொன்னா, நான் புட்டும் வாழைப்பழமும் திண்டிட்டனே எண்டு. கொஞ்சந்தானே, டொக்டர் கேட்டா வெறும் வயிறெண்டு சொல்லுங்க எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தன். பன்னிரண்டரைக்குப் படுத்தா. இருபத்திரண்டு பேருக்குப் பிறகு. நான்தான் தலையப் பிடிச்சன். வயித்துக்குள்ள புட்டும் நுரையும் கிடந்திச்சு. டொக்டர் ஒரு சுத்துச் சுத்திப் போட்டு, ஒண்டுமில்ல றுவைஸ், கேஸ்தான் எண்டார். இரண்டரை நிமிசம். எனக்கெண்டு செஞ்ச உதவி அது. அவரில பிழை இல்ல. களைச்ச மனிசன்ட கையில சாப்பிட்ட வயித்தைக் குடுத்தது நான்."

சுஹைரா சுளகுக்கு வெளியே சிந்திக் கிடந்த அரிசியை விரலால் ஒதுக்கினாள்.

"பிறகு வயிறு எரியிற நேரமெல்லாம் ராத்தா திரும்பப் போவமா எண்டு கேப்பா. பாத்ததுதானே, ஒண்டுமில்லையெண்டு சொன்னதுதானே எண்டு நான் மறிச்சுப் போடுவன். ஒரு வருசம் மறிச்சன். லைன்ல நிண்டு மூண்டு மாசம் காத்திருந்த ஏழைச் சனத்துக்குக் கூட வெறும் வயித்தில ஒரு நம்பர் இருந்திச்சு. என்ட பெண்சாதிக்கு அதுவும் இல்ல."

பானையில் உலை கொதித்து வழிந்தது. அவள் எழும்பி அடுப்பைத் தணிக்கவில்லை. றுவைஸ்தான் போய்த் தணித்தார்.

"நாளைக்கு நான் போகமாட்டன்" என்றாள் சுஹைரா கடைசியாக. அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். "நீங்க போங்க மச்சான்."

அன்றிரவு படலை திறக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. வெள்ளிக்கிழமை இறைச்சி வாசம் மட்டும் மதிலைத் தாண்டி வந்தது. றுவைஸ் கடைப் பாணும் பருப்பும் சாப்பிட்டுப் படுத்தார். அவள் ஜவாஹிரிடம்கூடச் சொல்லவில்லை என்பது, ஜவாஹிர் வழமைபோல் கை காட்டிவிட்டுப் போனதில் தெரிந்தது. அவள் திட்டியிருந்தாலாவது அவர் மனம் ஆறியிருக்கும். பையை எடுத்து இரண்டு தடவை உடுப்பை அடைத்தார்; இரண்டு தடவையும் வெளியே எடுத்து வைத்தார்.

திங்கட்கிழமை டொக்டர் அனுஷியா வந்ததும் அவரிடமும் சொல்லிவிட்டார். ஒருமுறை சொல்லிவிட்ட வாய்க்கு இரண்டாம் முறை அவ்வளவு பாரம் தெரியவில்லை. டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு பெயர் இருந்த தாளை எடுத்து, "பெயரும் வயதும் சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டார். "ஸல்ஹா உம்மா, நாற்பத்தாறு" என்றார் றுவைஸ். பிறகு வாலில் வந்து படுத்த மற்றவர்களின் பெயர்களையும் ஞாபகம் உள்ளவரை ஒவ்வொன்றாகச் சொன்னார். றஊபின் மாமியார் உட்படப் பதினாறு பேரைத் திரும்பக் கூப்பிடுவதென்று முடிவாயிற்று. றஊப் அதன் பிறகு வாலைப் பற்றிப் பேசவே இல்லை.

உம்றாவுக்குப் புறப்படுகிறவர்கள் ஊரில் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளக் கேட்டுப் பயணம் சொல்வது வழக்கம். சுஹைரா ஆறாம் தேதி பின்னேரம் தெரு முழுக்கப் போய்விட்டு, கடைசியாகப் படலைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்க மச்சான்."

"நீங்க என்ன பிழை செஞ்சீங்க..." என்று தொடங்கிய றுவைஸுக்கு அதற்கு மேல் வரவில்லை. திருப்பிக் கேட்க வேண்டியவர் அவர்.  அவள் தலையை மூடிய சீலையைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனாள்.

இருபத்திநாலாம் தேதி காலை ஏழு மணிக்கே அவள் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தாள். இரண்டு நாளுக்கு முதல்தான் மக்காவிலிருந்து வந்தது. முகம் வெயிலில் கறுத்திருந்தது. நம்பர் மூன்று. குளிசையை றுவைஸ் சொன்ன நாளிலிருந்து தொடவே இல்லை என்றாள், டொக்டரைப் பார்த்துத்தான். பிறகு கொஞ்சம் தயங்கி, "மிஸ், ஒண்டு சொல்லோணும். சுபஹுக்கு எழும்பி மக்காவிலயிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணி ஒரு மிடறு குடிச்சிட்டன். அது மற்றத் தண்ணியோட சேர்த்தி இல்லதானே?"

றுவைஸ் சட்டென்று டொக்டரைப் பார்த்தார். டொக்டர் அனுஷியா சிரித்துவிட்டார். "ஒரு மிடறு, அதுவும் விடிய. பரவாயில்லை அக்கா. சொன்னது நல்லது."

பால் நிற மருந்தைக் கொடுத்து, அரை மணித்தியாலம் நடக்க வைத்து, தொண்டைக்கு மருந்தடித்து, இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்தார்கள். றுவைஸ் ஒரு கையால் அவள் தலையைப் பிடித்தார். மறு கையில் பென்சிலும் இருபத்திரண்டு கட்டம் போட்ட தாளும். மணிக்கூடு ஓடத் தொடங்கிற்று.

திரையில் வயிறு கழுவித் துடைத்த பீங்கான்போல் சுத்தமாகத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டரை நிமிடம் ஆனபோது எட்டாவது படம். இவ்வளவுதான் பார்த்தோம் அன்றைக்கு என்று றுவைஸ் நினைத்தார். இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இந்த இடத்தில் குழாயை இழுத்திருந்தால் சுஹைரா சந்தோசமாக எழும்பிப் போயிருப்பாள். பத்து. பதின்மூன்று. ஐந்து நிமிடம். சுஹைராவின் கை தடவித் தடவி அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "மூக்கால மூச்செடுங்க மச்சி" என்றார்.

பதினேழாவது படத்தில் டொக்டர் நின்றார். குழாயை வளைத்து, மேல்வளைவின் மடிப்பொன்றை விரித்தார். இன்னொரு தரம் கழுவினார். சுற்றியிருந்த சிவப்புக்குள் சின்ன விரல் நகமளவுக்கு ஓரிடம் வெளிறிக் கிடந்தது. மேடில்லை, புண்ணில்லை, இரத்தமில்லை. அவசரக்காரன் கண்ணுக்கு அது படவே படாது.

"நேரம்?" என்றார் டொக்டர்.

"ஆறு நிமிசம் பத்து செக்கன் மிஸ்."

 பிறகு பதினெட்டு, பத்தொன்பது என்று மீதியையும் எண்ணி முடித்தார். சதைத்துணுக்கு எடுத்துப் போத்தலில் போட்டு, அதில் பெயரை எழுதினார். எல்லாம் முடிந்து குழாயைக் கழுவப் போன இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அல்ஹம்துலில்லாஹ் என்றும் வந்தது. ஸல்ஹா என்றும் வந்தது. இந்த இடத்தைக் காட்டிக்கொடுத்த ஆறு நிமிடம் பத்து செக்கன்தான் ஸல்ஹாவுக்குத் தான் கொடுக்காதது என்று இப்போது கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

பன்னிரண்டு நாளில் முடிவு வந்தது. புற்றுநோய்தான், ஆனால் மேல்தோலைத் தாண்டவில்லை. வயிற்றைக் கீறத் தேவையில்லை, கொழும்பில் குழாய் வழியாகவே அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்துவிட்டார்கள். ஓரங்கள் சுத்தம், வருடா வருடம் வந்து காட்டினால் போதும். ஐந்தாம் நாள் சுஹைரா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சொந்தமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. றுவைஸ் மட்டும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அடுத்த நாள் பின்னேரம் படலை திறந்தது.

"மச்சான், கொஞ்சம் வந்திட்டுப் போங்க."

முற்றத்து முருங்கை மரத்தடியில் இரண்டு கதிரை போட்டிருந்தது. ஒன்றில் அவள் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். றுவைஸ் மற்றதின் நுனியில் உட்கார்ந்தார்.

"நான் உங்கள மன்னிச்சிட்டன் எண்டு சொல்லக் கூப்பிடேல்ல" என்றாள். "கஃபாவுக்கு முன்னால நிண்டு மன்னிக்கப் பாத்தன். மனசு வரேல்ல. பொய்க்கு ஏன் சொல்லுவான்?"

"ஓம்" என்றார் றுவைஸ்.

"ஆனா நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்கும் ராத்தாட கதிதான். அதையும் நான் மறக்க ஏலாது. இரண்டும் கிடக்கட்டும்." தலையணையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள். "அண்டைக்கு குசினியில நீங்க பாதிக் கதைதான் சொன்னீங்க. பன்னிரண்டரை மணிக்குப் பிறகு என்ன நடந்திச்சு? ராத்தா அண்டைக்குப் பொழுதுபட மஃரிபுக்குத்தான் வீட்டுக்கு வந்தா. எனக்கு நல்லா ஞாபகம். வந்து சிரிச்சுக் கொண்டே இருந்தா. என்னெண்டு கேட்டதுக்குச் சொல்லேல்ல. பத்து வருசமா எனக்கு அது தெரியாது."

றுவைஸ் அதை யாருக்கும் சொன்னதில்லை. தனக்குத் தானேகூட. வாழ்க்கையிலேயே அவர் ஆகச் சந்தோசமாக இருந்த நாள், ஆகப் பெரிய பிழை செய்த நாளாகப் போய்விட்டதால், அந்தப் பின்னேரத்தை நினைக்கவே அவர் தன்னை விட்டதில்லை. இப்போது வாய் திறந்ததும் அது தானாக வந்தது.

"ஒண்டுமில்லையெண்டு டொக்டர் சொன்னோடன ராத்தாக்குப் பசி வந்திட்டு. தொண்டை மரத்திருக்கு, ஒரு மணித்தியாலம் ஒண்டும் சாப்பிடக் கூடாதெண்டன். கேக்கேல்ல. கடற்கரையில இரண்டு ஐஸ்பழம் வாங்கித் திண்டா. நாக்கு மரத்துப்போய் ருசியே தெரியேல்ல, எண்டாலும் நல்லா இருக்கு எண்டா. அந்த நேரம் கோட்டைப் பக்கத்து மான் ஒண்டு வந்து, அவட கையிலயிருந்த மருந்துத் துண்டை இழுத்துத் திண்டிட்டு."

"மருந்துத் துண்டையா?"

"ஓம். கேஸுக்கு எழுதிக் குடுத்த துண்டு. மானுக்கும் கேஸ் போல எண்டு சொல்லிச் சிரிக்கத் தொடங்கினவதான், நிப்பாட்டவே இல்ல. சனமெல்லாம் பாக்குது. பிறகு மோட்டார் சைக்கிள்ல வரக்குள்ள பாலத்து நடுவில நிப்பாட்டச் சொன்னா. பாலம் கட்ட முந்தி அங்க பாதை ஓடினதுதானே, வாகனத்தையும் சனத்தையும் ஏத்திக்கொண்டு போற அந்தப் பெரிய மிதவை. கலியாணம் முடிச்ச புதுசில அதுக்காக ஒரு மணித்தியாலம், ஒண்டரை மணித்தியாலமெண்டு கரையில நிப்பம். கச்சான் வாங்கித் திண்டுகொண்டு, ஊர்க் கதையெல்லாம் கதைச்சுக்கொண்டு. பாலம் வந்து அதெல்லாம் போச்செண்டு அவவுக்குக் கவலை."

றுவைஸ் நிறுத்தினார். சுஹைரா அவசரப்படுத்தவில்லை.

"சொன்னா... எனக்குக் காத்துக்கொண்டு நிக்கிறது விருப்பம், நீங்கதான் எல்லாத்துக்கும் அவசரப்படுறீங்க எண்டு."

அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.  அன்றைக்கு அது வெறும் கொஞ்சல் பேச்சாகத்தான் அவர் காதில் விழுந்திருந்தது. சுஹைராவும் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மதிலுக்கு அப்பால் பள்ளிவாசலில் யாரோ ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்கள்.

"பிறகு?" என்றாள் சுஹைரா.

"பிறகு, பாதை வரட்டும், அதிலயே போவம் எண்டா. பாலத்துக் கம்பியில சாஞ்சு, வராத பாதைக்காக இரண்டு பேரும் முக்கால் மணித்தியாலம் காத்துக்கொண்டு நிண்டம்."